நெல் நிறைந்த வீட்டில் பேச்சு மட்டும் வற்றியது ஏன்?

மன்னார்குடிக்குப் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறார். வயது 43. கணவருக்கு அரிசி ஆலை, 35 ஏக்கர் நஞ்சை, இரண்டு லாரிகள். மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. மகன் சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். கணவர் குடிப்பதில்லை, அடிப்பதில்லை, கேட்ட பணத்தை மறுப்பதில்லை. ஆனால் ஒரு நாள் முழுவதற்கும் இருவருக்கும் இடையே நான்கைந்து வாக்கியங்கள்தாம்: “சாப்பாடு எடுத்து வை”, “ஆடிட்டர் போன் செய்தாரா?”, “சாவி எங்கே?”, “விளக்கை அணை.” சண்டைகூட வருவதில்லை. போன ஆண்டு சிங்கப்பூர் போனார்கள். அங்கேயும் அவர் விடுதி அறையில் தூங்கினார். இரவில் மழை தூறினால் மட்டும் சட்டென்று எழுந்து, களத்தில் காயும் நெல்லை மூட ஓடிவிடுகிறார். “பக்கத்தில் ஒருத்தி படுத்திருப்பது அவர் நினைவிலேயே இல்லை” என்கிறார் இவர். ஓராண்டாகக் கல்லூரிக் கால நண்பர் ஒருவர் தினமும் செய்தி அனுப்புகிறார். அந்த அரைமணி நேரம்தான் உயிரோடு இருப்பதாகத் தோன்றுகிறதாம். “எல்லாம் இருந்தும் சலிப்பாக இருக்கிறது. இது திமிரா? என் மகிழ்ச்சியை நான் தேடிப்போவது தவறா?” இதுதான் கேள்வி.

திமிர் இல்லை, அம்மா. முதலில் அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள்.

குடும்ப நல ஆலோசகராக 22 ஆண்டுகள் இந்தக் காவிரிப் படுகையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, உங்களைப் போலவே ஒரு பெண் என் முன்னால் வந்து உட்கார்ந்தார். கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பம். “அவர் நல்லவர்தான். ஆனாலும் அந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டுகிறது” என்றார். நான் சொன்ன பதில் இன்றைக்கும் என்னைச் சுடுகிறது. “குடி இல்லை, அடி இல்லை, கடன் இல்லை. இதற்காக எத்தனை பெண்கள் ஏங்குகிறார்கள் தெரியுமா?” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஏழு ஆண்டுகள் கழித்து அதே பெண் மறுபடியும் வந்தார். “அன்றைக்கு நீங்கள் என்னைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. அடுத்தவர்களுடைய கஷ்டத்தை எனக்கு எண்ணிக் காட்டினீர்கள்” என்றார். அதற்குப் பிறகு எந்தப் பெண்ணிடமும், எந்த ஆணிடமும், ‘உனக்கு என்ன குறை’ என்று நான் கேட்டதில்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம் கெட்டிருந்தால், பசி எடுக்காவிட்டால், பிடித்த பாட்டும் பிடிக்காமல் போயிருந்தால், செத்துப்போகலாமா என்ற எண்ணம் ஒருமுறை வந்திருந்தாலும், அது சலிப்பு இல்லை. மனச்சோர்வாக இருக்கலாம், அதற்கு மருந்து உண்டு. உங்கள் வயதில் தைராய்டும், மாதவிலக்கு நிற்கும் காலத்து மாற்றங்களும்கூட இப்படி ஆட்டிவைக்கும். மருத்துவரைப் பாருங்கள். வெளியே போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. உடம்பில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு, மேலே படியுங்கள்.

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். கணவர்மேல் கோபம் அதில் இல்லை, வெறுப்பும் இல்லை. சமையலுக்கு ஆள், பெருக்கித் துடைக்க ஆள், ஆலைக் கணக்குக்கு ஆள், கார் ஓட்ட ஆள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, “நான் ஒரு வாரம் இல்லாவிட்டாலும் இந்த வீடு ஓடும்” என்று எழுதியிருக்கிறீர்கள். நோவு அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பணம் ஒவ்வொரு வேலையாக உங்கள் கையிலிருந்து வாங்கிக்கொண்டது. சுமை குறைந்தது, நல்லதுதான். ஆனால் அந்த வேலைகளுக்கு உள்ளே இன்னொன்றும் இருந்தது: ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு ஆகாது என்ற நிலை. அதையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. நீங்கள் சலிப்பு என்று சொல்வது, யாருக்கும் தேவைப்படாமல் இருப்பதன் வலி.

என் பாட்டி வீடு பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையில் இருந்தது. ஒன்றரை வேலி நிலம், அதாவது சுமார் பத்து ஏக்கர். அந்த வீட்டின் ஆண்டுக்கணக்கே வேறு. அணையில் தண்ணீர் இருக்கும் ஆண்டுகளில் மேட்டூரில் ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 அடைப்பு. 1934இல் அணை வந்ததற்குப் பின் டெல்டாக்காரர்களின் பஞ்சாங்கம் அதுதான். தண்ணீர் எப்போது நம் வாய்க்காலுக்கு வரும், நாற்று எப்போது விடுவது, குறுவையா இல்லை சம்பா மட்டுமா என்று தாத்தா கணக்குப் போடுவார். ஆனால் நெல் சேமிக்கும் பத்தாயத்தின் சாவி பாட்டியின் இடுப்பில். விதைநெல்லில் ஒரு மரக்கால் எடுக்க வேண்டுமென்றாலும் அவளிடம் வாதாடி ஜெயிக்க வேண்டும். பாட்டி நெல் அவித்து முற்றத்தில் கொட்டும் நாளில், மேகத்தைப் பார்ப்பதற்கென்றே தாத்தா வாசலில் நிற்பார். அவர்கள் ஒருவரையொருவர் கொஞ்சிப் பேசி நான் கேட்டதில்லை. திட்டிக்கொள்வார்கள், வாரக்கணக்கில் என் மூலமாகப் பேசிக்கொள்வார்கள், ஏதாவது ஒரு மழை வந்து பேசவைத்துவிடும்.

அந்தக் காலத்தைப் பொன்னாக்கிக் காட்ட நான் வரவில்லை. பாட்டிக்கு எட்டுப் பிரசவம், தங்கியது மூன்று. நெல் அவிக்கும் புகையில் அவள் கண் போய்விட்டது. எங்கள் வயலில் இறங்கி வேலை செய்த பண்ணையாட்களின் வீடுகளில் சலித்துக்கொள்ளவே நேரம் இருந்ததில்லை. நினைத்தபோது அவர்களை வெளியேற்றக்கூடாது என்று தஞ்சை மாவட்டத்துக்கு ஒரு சட்டம் வருவதற்கே 1952 ஆயிற்று. ஐந்து வேலி, பத்து வேலி மிராசுகளின் வீடுகளுக்குக் கிடைத்த ஓய்வெல்லாம் அந்த உழைப்பிலிருந்து வந்தது. அந்தப் பெரிய வீடுகளில் சலிப்பு அப்போதே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தை, மாசியில் அறுவடை முடிந்து வாய்க்கால் காய்ந்த பிறகு ஆண்களுக்குத் திண்ணையில் சீட்டுக்கட்டு, கோர்ட்டில் வரப்புத் தகராறு, பக்கத்து ஊரில் சின்ன வீடு. பெண்களுக்குக் கூடமும் கொல்லையும். பதினைந்து வயதில் அந்த வீடுகளுக்குள் நுழைந்து எழுபது வயதில் வெளியே வந்த பாட்டிமார்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

நம் முன்னோர்கள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது எனக்கு ஓய்வுபெற்ற பிறகுதான் உறைத்தது. அகத்திணையில் வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம். அதற்குரிய பொருள் ஊடல். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது எனக்கு இது விளங்கவேயில்லை. மலைக்குக் கூடல், கடற்கரைக்கு இரங்கல், இதெல்லாம் சரி. நெல் விளையும் செழிப்பான ஊருக்கு ஏன் பிணக்கு? பாலையையும் மருதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். பாலையில் கணவன் பொருள் தேடப் பிரிகிறான். மருதத்தில் பொருள் எல்லாம் இருக்கிறது, வயல் விளைந்து கிடக்கிறது, ஆனாலும் அவன் பிரிகிறான். பரத்தை வீட்டுக்குப் போகிறான், விடிகிற நேரத்தில் வாசலுக்கு வந்து நிற்கிறான், மனைவி கதவடைக்கிறாள். பொருளில்லாத பிரிவு ஒன்று, பொருள் மிகுந்த பிரிவு ஒன்று என்று இரண்டையும் தனித்தனி நிலமாக வைத்தவர்கள் மனிதர்களை நன்றாகப் பார்த்திருக்கிறார்கள்.

அதிலும் அவர்கள் மருதத்துக்குப் பிரிவைக் கொடுக்கவில்லை, ஊடலைக் கொடுத்தார்கள். கதவை அடைப்பவளுக்கு, ‘இவன் என்னுடையவன்’ என்ற உரிமை இன்னும் இருக்கிறது. வள்ளுவர் ஊடலை உப்போடு ஒப்பிடுகிறார். அளவோடு இருந்தால் சுவை, சற்று மிகுந்தாலும் கெடுதல். திருக்குறளின் 133 அதிகாரங்களில் கடைசி அதிகாரமே ஊடலின் மகிழ்ச்சியைப் பற்றியது. “சண்டைகூட வருவதில்லை” என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்குப் பயம் வந்தது அதனால்தான். உங்கள் கணவர் பரத்தை வீட்டுக்குப் போகவில்லை, ஆலைக்குப் போகிறார். ஆனால் நீங்கள் கதவை அடைக்கவே இல்லை. திறந்த கதவுக்கு உள்ளே அவர் வந்துபோகிறார், நீங்கள் இருந்தபடி இருக்கிறீர்கள்.

கோவலன் கதையும் காவிரி ஆற்றின் கடைசியில் நடந்ததுதானே. புகார் நகரத்துப் பெருவணிகர் வீட்டுப் பிள்ளைக்குப் பதினாறு வயது, கண்ணகிக்குப் பன்னிரண்டு. தனி மாளிகை, ஆட்கள், குறையாத செல்வம். சிலப்பதிகாரத்தில் அந்த மாளிகைக் காட்சியைப் படித்துப் பாருங்கள். கோவலன் அவளைப் பொன் என்கிறான், முத்து என்கிறான், கரும்பு என்கிறான், தேன் என்கிறான். கடைக்காரன் தன் சரக்கைப் புகழ்வதுபோல அடுக்கிக்கொண்டே போகிறான். அவளை ஒரு கேள்வி கேட்பதில்லை. அவளும் அந்தக் காட்சியில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பிறகு ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் கொடுத்து மாதவியின் மாலையை வாங்கிப் போகிறான், செல்வம் கரைகிறது, திரும்பி வருகிறான், காவிரிக்கரையோடு மதுரைக்கு நடக்கிறார்கள்.

மதுரையில், ஆயர் வீட்டில், கடன் வாங்கிய பாத்திரத்தில் கண்ணகி சமைக்கிறாள். அவனுக்குப் பாய் போட்டு இலை விரிக்கிறாள். அவன் சாப்பிட்டு முடித்ததும், ‘எழுந்து வா என்றதும் எழுந்து வந்துவிட்டாயே, என்ன செய்தாய் நீ’ என்று கேட்கிறான். அவளைப் பற்றி அவளிடமே அவன் மனம் விட்டுக் கேட்கும் கேள்வி அது. அவளும் முதல்முறையாக மனம்திறந்து, நீங்கள் இல்லாத வீட்டில் விருந்தினரை வரவேற்கக்கூட வழியில்லாமல் கிடந்தேன், உங்கள் பெற்றோர் வரும்போது பொய்ச் சிரிப்புச் சிரித்தேன், நீங்கள் செய்தது சான்றோர் போற்றாத ஒழுக்கம் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். எழுநிலை மாடத்தில் நடக்காத பேச்சு, மாடு கட்டிய வீட்டில், ஒரு வேளைச் சோற்றுக்குப் பிறகு நடக்கிறது. அன்றைக்கே அவனைக் கொன்றுவிடுகிறார்கள். இந்தக் காட்சியை நான் படிக்கும் ஒவ்வொரு முறையும், இதைப் புகாரிலேயே பேசியிருக்கக் கூடாதா என்று மனம் அடித்துக்கொள்ளும்.

பணத்தோடு சேர்ந்து வரும் இந்த மந்தத்தை வெளிநாடுகளில் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1978இல் அமெரிக்காவில் பிலிப் பிரிக்மனும் அவருடன் வேலை பார்த்தவர்களும், லாட்டரியில் பெரும் பரிசு விழுந்த 22 பேரையும் விழாத 22 பேரையும் ஒப்பிட்டார்கள். மகிழ்ச்சியில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் நண்பரோடு பேசுவது, காலைச் சாப்பாடு, யாராவது பாராட்டுவது போன்ற அன்றாடச் சின்னச் சின்ன இன்பங்கள் பரிசு விழுந்தவர்களுக்குக் குறைவாகவே ருசித்தன. இன்னொரு ஆய்வு உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. 123 தம்பதிகளிடம் திருமணமான ஏழாம் ஆண்டில் சலிப்பைப் பற்றிக் கேட்டு, பதினாறாம் ஆண்டில் மறுபடியும் போய்ப் பார்த்து, 2009இல் வெளியிட்டார்கள். முன்பு சலிப்பு என்று சொன்னவர்களுக்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து நிறைவு குறைந்திருந்தது. இடையில் நெருக்கம் தேய்ந்திருந்தது. ஆகவே, ‘இதெல்லாம் ஒரு பிரச்சினையா’ என்று உங்களிடம் யாராவது சொன்னால், பிரச்சினைதான் என்று துணிந்து சொல்லுங்கள்.

இந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான ஆர்தர் ஆரன் என்ற உளவியல் பேராசிரியர், 2000இல் வெளியான வேறொரு ஆய்வில் ஒரு விநோதமான வேலை செய்தார். கணவன் மனைவி இருவரின் கையையும் காலையும் ஒரு பக்கமாகச் சேர்த்துக் கட்டி, தரையில் தவழ்ந்து, ஓர் உருளைத் தலையணையைக் கையால் பிடிக்காமல் இருவர் உடம்புக்கும் நடுவில் வைத்தபடியே ஒரு தடையைத் தாண்டிப் போகச் சொன்னார். சாதாரண வேலை கொடுக்கப்பட்ட தம்பதிகளைவிட இவர்களுக்கு உறவில் நிறைவு கூடியது. புதிதான, கொஞ்சம் கஷ்டமான, தனியாகச் செய்யவே முடியாத ஒரு வேலை. உங்கள் சிங்கப்பூர்ப் பயணம் ஏன் உதவவில்லை என்பதும் இதிலிருந்தே புரிகிறது. டிக்கெட், விடுதி, வண்டி, வழிகாட்டி எல்லாவற்றையும் பணம் ஏற்பாடு செய்துவிட்டது. அங்கேயும் உங்கள் இருவருக்கும் ஒருவரால் ஒருவருக்கு ஆகவேண்டிய காரியம் எதுவும் இருக்கவில்லை.

நண்பரைப் பற்றி. நீங்கள் கூசிக்கூசி எழுதியிருக்கிறீர்கள், கூச வேண்டாம். அவர் நல்லவரா இல்லையா என்பது என் கேள்வி அல்ல. அவர் அனுப்பிய செய்திகளில் நீங்கள் எடுத்து எழுதியிருக்கும் மூன்றும் கேள்விகள்: “சாப்பிட்டாயா?”, “அந்தப் போட்டியில் நீ பாடியது நினைவிருக்கிறதா?”, “இன்று ஏன் பேச்சு குறைவு?” உங்களை யாரோ கேட்கிறார்கள். அதுதான் உங்களைத் தொட்டிருக்கிறது. அந்தக் கேள்விகளை விட்டுவிட்டு அவரை மட்டும் நினைத்துப் பாருங்கள். அவர் வீட்டில் மின்கட்டணம் யார் கட்டுகிறார்கள், அவருக்குக் காய்ச்சல் வந்தால் எப்படிப் புலம்புவார், அவருடைய மனைவி அவரிடம் என்ன கேட்டுக் களைத்துப்போயிருக்கிறார், இதில் எதுவும் உங்களுக்குத் தெரியாது. அரைமணி நேரம் மட்டும் வரும் மனிதர் எவரும் இனிமையாகத்தான் இருப்பார்.

வெறுமை பொல்லாதது. 2014இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஆட்களை 15 நிமிடம் ஒரு வெற்று அறையில் தனியாக உட்காரவைத்தார்கள். போன் இல்லை, புத்தகம் இல்லை. அழுத்தினால் மின் அதிர்ச்சி தரும் ஒரு பொத்தான் மட்டும். அந்த அதிர்ச்சி பிடிக்கவில்லை, காசு கொடுத்தாவது தவிர்ப்போம் என்று முன்பே சொன்னவர்கள் அவர்கள். அப்படியும் 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் பொத்தானைத் தாங்களே அழுத்திக்கொண்டார்கள். பசி இவ்வளவு இருக்கும்போது எதிரில் வருவது அமுதமா, வெறும் நீராகாரமா என்று நாக்குக்குத் தெரியாது. அதனால்தான் கேட்கிறேன்: ஒரு மண்டலம், 48 நாள், அந்தப் பேச்சை நிறுத்திவையுங்கள். அவரிடம் நேராகவே சொல்லிவிடுங்கள். கற்பு, மானம் என்றெல்லாம் நான் பேசவில்லை. உங்களுக்கு எது வேண்டும் என்று உங்களுக்கே தெரிய, அந்த அரைமணி நேரத்து மருந்து கொஞ்சநாள் இல்லாமல் இருக்க வேண்டும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள், அரைகுறையாகக் கேள்விப்பட்டுப் பயப்படுவதைவிட அது நல்லது. 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை நீக்கியது. திருமணத்துக்கு வெளியே உறவு இப்போது குற்றம் அல்ல. ஆனால் மணவிலக்குக் கேட்க அது இன்னமும் காரணம்தான். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் சலிப்பு ஒரு காரணமாக இல்லை. இருவரும் ஒத்துக்கொண்டால் 13பி பிரிவின்கீழ் பிரியலாம்: ஓராண்டு தனித்து வாழ்ந்திருக்க வேண்டும், மனு போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தக்க காரணம் இருந்தால் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முயற்சி எல்லாம் செய்து பார்த்த பிறகும் வற்றியது வற்றியதாகவே இருந்தால், பிரிவது பாவம் என்று நான் சொல்லமாட்டேன். பிரிந்தபின் மலர்ந்த பெண்களையும் ஆண்களையும் பார்த்திருக்கிறேன்.

“எங்களுக்கு எல்லாம் இருக்கிறது” என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் உங்கள் பெயரில் என்ன இருக்கிறது? இதை உங்களைப் பிரிப்பதற்காகக் கேட்கவில்லை. உங்கள் பிறந்த வீட்டுப் பங்கு எழுதி வாங்கப்பட்டதா, விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டீர்களா? நகை எந்த வங்கிப் பெட்டகத்தில், யார் பெயரில்? 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி ஒரு பெண்ணின் கைக்கு வந்த சொத்துக்கு அவளே முழு உரிமையாளர். கேட்டால் பணம் கிடைக்கிறது என்பது வேறு, கேட்க வேண்டியதில்லை என்பது வேறு. இருபது ஆண்டுகள் கேட்டுக் கேட்டு வாங்கிய கைக்கு ஒரு கூச்சம் வந்துவிடும். அந்தக் கூச்சம் பேச்சையும் அடைக்கும். மாதம் ஒரு தொகை உங்கள் கணக்குக்குத் தானாக வரும்படி செய்துகொள்ளுங்கள், அதை எப்படிச் செலவழித்தீர்கள் என்று யாருக்கும் சொல்லாதீர்கள்.

2018இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பட்டுக்கோட்டைப் பக்கம், தென்னந்தோப்புக் குடும்பம். இருவரும் சேர்ந்து பிரிவதற்கு மனுப் போட்டிருந்தார்கள். காரணம் கேட்டபோது கணவர், “ஒன்றுமில்லை” என்றார். அந்த அம்மாவும் அதையே சொன்னார், அதே சொல், அதே குரல். அந்த நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கமாகக் கரையேறியது. அவர்களுடைய தோப்பு ஒரே இரவில் படுத்துவிட்டது. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. தனியாக இருந்த அந்த அம்மா தோப்பு வீட்டுக்கே போய்விட்டார், அங்கேதான் கையால் இறைக்கும் கிணறு இருந்தது. ஒருவர் இறைக்க ஒருவர் சுமக்க. இரவில் மெழுகுவத்தி தீர்ந்துவிடக்கூடாது என்று இருட்டில் உட்கார்ந்திருப்பார்களாம். முப்பது வருட மரங்களுக்காக அவர் அழுததை அப்போதுதான் பார்த்ததாக அந்த அம்மா சொன்னார். “இவருக்கு அழத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.” மனு நின்றது.

கதை அத்தோடு முடியவில்லை. மின்சாரம் வந்தது, தொலைக்காட்சி வந்தது, நிவாரணம் வந்தது, எட்டு மாதத்தில் இருவரும் மறுபடியும் என் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். புயலில் வந்த பேச்சு வெயிலில் காய்ந்துவிட்டது. பேரிடர் யாருக்கும் வாழ்க்கையைக் கற்றுக்கொடுப்பதில்லை. நான் அவர்களிடம் கேட்டது ஒன்றுதான்: புது நாற்று வைக்கும் வேலையை ஆட்களிடம் விட்டீர்களா? விட்டிருந்தார்கள். அடுத்த பாதித் தோப்பை நீங்களே வையுங்கள், எந்த ரகம் என்பதை அந்த அம்மா முடிவுசெய்யட்டும் என்றேன். கணவர் முகம் சுருங்கியது. ஆனாலும் செய்தார்கள். கடைசியாக அந்த அம்மா என்னை அழைத்தபோது, ஊடுபயிராகக் கோகோ வைக்கலாமா வாழை வைக்கலாமா என்று அந்த மனிதர் செய்யும் பிடிவாதத்தைப் பற்றி முக்கால் மணிநேரம் புகார் சொன்னார். அந்தப் புகாரைக் கேட்க எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

உங்களிடம் புதிதாக எதையும் தொடங்கச் சொல்லப்போவதில்லை. தையல் வகுப்பு, யோகா, மாதர் சங்கம் எல்லாம் உங்களுக்கு யாராவது ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். நீங்கள் பாடியவர், திருவையாறு ஒருமணி நேரப் பயணம்தான், பாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று தோன்றினால் அது உங்களுக்கே உங்களுக்கான ஒன்றாக இருக்கட்டும், கணவரைச் சேர்க்காதீர்கள். அவரோடு சேர்ந்து செய்ய வேண்டியது ஆலையில் இருக்கிறது. கும்பகோணத்தில் கணிதம் படித்துப் பட்டம் வாங்கியிருக்கிறீர்கள். அரசு அரவைக் கணக்கில் 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கலரிசி தர வேண்டும். உங்கள் ஆலையில் எவ்வளவு வருகிறது? ஈரப்பதம் கூடிய நெல் வந்தால் எவ்வளவு குறைகிறது? குருணை எவ்வளவு, தவிடு யாருக்குப் போகிறது, என்ன விலைக்கு? இதைக் கணக்குப்பிள்ளையிடம் கேட்காதீர்கள். சாப்பாடு எடுத்து வைக்கும்போது கணவரிடம் கேளுங்கள். அவர் “உனக்கு எதற்கு இதெல்லாம்?” என்பார். உங்களுடைய முதல் சண்டை அங்கே தொடங்கினால் நான் சந்தோஷப்படுவேன். விட்டுக்கொடுக்காதீர்கள், கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்.

அவர் பக்கத்தையும் ஒரு நிமிடம் யோசித்தேன். நம் பக்கத்து ஆண்கள் பலருக்கு, சம்பாதித்துக் கொட்டுவதுதான் பேச்சு. வாயால் சொல்ல அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அவருக்கும் அந்த வீட்டில் சலிப்பாக இருக்கலாம். உங்களுக்கு எழுத ஓர் ஆள் கிடைத்தது, அவருக்குக் கிடைத்தது களம் மட்டும். இதனால் உங்கள் வலி குறைந்துவிடாது. ஆனால் அவரிடம் பேசப் போகும்போது இதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

இரவில் மழை தூறினால் அவர் எழுந்து ஓடுவதைக் குறையாக எழுதியிருந்தீர்கள். ஐப்பசி பிறந்தால் மழைக்குப் பஞ்சமில்லை. அடுத்தமுறை அவர் எழுந்ததும் நீங்களும் எழுந்துகொள்ளுங்கள். டார்ச்சை எடுங்கள், புடவையைத் தூக்கிச் செருகுங்கள், களத்துக்குப் போங்கள். படுதாவை ஒருவர் மட்டும் இழுத்தால் காற்று தூக்கிவிடும், எதிர்முனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். இத்தனை நாள் இரவுக் காவல்காரர் பிடித்திருப்பார். அவரைப் போய்ப் படுக்கச் சொல்லிவிட்டு நீங்கள் பிடியுங்கள். “நீ ஏன் வந்தாய்?” என்று கணவர் கேட்பார். பல வருடங்களில் உங்களைப் பற்றி அவர் கேட்கும் முதல் கேள்வி அது. நெல்லை மூடி முடித்ததும், நனைந்த புடவையோடு அங்கேயே நின்று, அதற்குப் பதில் சொல்லுங்கள்.